கம்ப்ளையன்ஸ் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

வேதியியல் முடித்த தங்கள் மகள் திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் பிரிவில் (தொழிலாளர், சுற்றுச்சூழல் விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவில்) சேர விரும்புவதையும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே அவள் சிக்கிக்கொள்வாளோ என்று தாங்கள் அஞ்சுவதையும் அறிந்தேன். அச்சம் நியாயமானதே, எனினும், தகுந்த நிறுவனமாக இருந்தால் அனுப்பலாம் என்பதே என் கருத்து.

இவ்வேலை வெறும் படிவம் நிரப்புவதல்ல என்பதை ஒரு விபத்து காட்டியது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். அங்கு இயங்கிய ஆலைகளில் சில முன்பே ஆடிட் (தணிக்கை) செய்யப்பட்டவை. ஒவ்வொரு பையரும் (ஆடை வாங்கும் நிறுவனமும்) தனித்தனியே ஆள் அனுப்பிப் படிவம் நிரப்புவதால் உயிர்கள் காக்கப்படாது என்பது தெளிவான பிறகே, உலகத் தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டு, ஆலைக் கட்டடங்களைப் பொதுவான பொறியாளர்களைக் கொண்டு சோதித்தன.

தனித்தனியே அல்ல, பொதுவாகச் செய்தாலே பலன் என்பதே திருப்பூரின் பாடமும். நொய்யலைச் சாயக்கழிவு பாழாக்கிய வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தனித்துச் செலவழிக்க இயலாத சிறு பட்டறைகள் இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையே நம்பியுள்ளன. அங்கு சவ்வு வழியே நல்ல நீர் பிரிக்கப்பட்டு, எஞ்சும் உப்புநீர் காய்ச்சப்பட்டு, நீரும் உப்பும் சாயமேற்றும் வேலைக்கே திரும்புகின்றன. வேதியியல் படித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான களம் அரிது.

தொழிலாளர் பக்கமோ கூர்ந்த கண்ணைக் கேட்கும். வருகைப் பதிவேடு ஞாயிற்றுக்கிழமையை விடுமுறை என்று காட்டும்போது, உடைந்த ஊசிகளுக்கான பதிவேட்டில் அதே நாளில் ஊசி மாற்றிய குறிப்பு இருந்தால், அன்று தையல் நடந்தது தெரிந்துவிடும். ஆனால் விலையைக் குறைத்து, காலக்கெடுவையும் நெருக்கிய பையரை விட்டுவிட்டு ஆலையை மட்டும் குற்றம் சாட்டுவது முறையல்ல. 2023இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம், பொருள் வாங்கும் பெரிய நிறுவனங்களுக்கும் இப்பொறுப்பு உண்டென்று விதித்தது.

ஆகவே நேர்முகத் தேர்வில் மகள் இரண்டைக் கேட்கட்டும்: அவள் எழுதும் அறிக்கை உற்பத்தி மேலாளரிடம் போகுமா, நிர்வாக இயக்குநரிடம் நேரே போகுமா? பெண்களின் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கடைசியாக எப்போது கூடியது? விடை மழுப்பலாக வந்தால் வேறு நிறுவனம் பார்க்கலாம். இடையில் தொழிலாளர் சட்டத்தில் ஒரு பட்டயப் படிப்பை அஞ்சல் வழியில் தொடங்கிவிடுவது நல்லது; சம்பளப் பட்டியலைப் படித்துப் பிழை காண அது உதவும்.