கரைப்பான் குழப்பங்கள்: வாசகர் கேள்விகள்

ஃபீனிக்ஸ் (டர்பன்) வாசகர்: பென்சீனும் பென்சினும் ஒன்றுதானே?

இல்லை. பென்சீன் தனிச் சேர்மம். 80 டிகிரியில் கொதிக்கும், ரத்தப் புற்றுநோய் தரும். பென்சின் என்பது பெட்ரோலியத்தின் லேசான பகுதி, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. துணிக்கறை எடுக்கப் பென்சீனைத் தேடி அலையாதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்: ஈதர் தீர்ந்துவிட்டது. பெட்ரோலியம் ஈதர் ஊற்றலாமா?

எதற்கு என்று எழுதியிருக்கக் கூடாதா? விதையிலிருந்து எண்ணெய் எடுக்கவென்றால் தாராளமாக. கிரிக்னார்டு வினைக்கு (மக்னீசியம் கொண்டு கரிமச் சேர்மம் தயாரிக்கும் முறை) என்றால் உதவாது. பெட்ரோலியம் ஈதரில் பென்டேனும் ஹெக்சேனும்தான் இருக்கின்றன. மக்னீசியத்தோடு பிணைய ஆக்சிஜன் அணு கிடையாது. உண்மையான ஈதர் 35 டிகிரியிலேயே கொதிக்கும், டர்பனின் பிப்ரவரி வெயிலே அதற்குப் போதும். பழைய ஈதர் போத்தலில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்திருக்கும். லேபிளில் திறந்த தேதி இல்லையென்றால் தொடாதீர்கள்.

லெனேசியா மாணவி: கலக்காத திரவங்களைப் பிரிக்கும் பிரிபுனலில் டைகுளோரோமீத்தேன் மேலா, கீழா?

தண்ணீரோடு என்றால் கீழே. எத்தில் அசிட்டேட் மேலே. சந்தேகமா? ஒரு சொட்டு நீர் விட்டு எந்த அடுக்கில் கரைகிறது என்று பாருங்கள், அதுவே நீர் அடுக்கு. அதுவரை எதையும் கொட்டாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி: மருந்துக்கடை லிக்விட் பாரஃபினும் அடுப்புப் பாரஃபினும் ஒன்றா?

இல்லவே இல்லை, அம்மா. முன்னது மலச்சிக்கலுக்குத் தரும் சுத்திகரித்த கனிம எண்ணெய். பின்னது மண்ணெண்ணெய். நம் தென்னாப்பிரிக்காவில் இரண்டுக்கும் பாரஃபின் என்றே பேச்சு.

ஆனால் உங்கள் கடிதத்தின் அடுத்த வரிதான் என் வயிற்றைக் கலக்கியது: அடுப்புப் பாரஃபினைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றிச் சமையலறை மேடையில் வைத்திருக்கிறீர்களாம்! பார்க்கத் தண்ணீர், போத்தலோ பிள்ளை தினமும் வாய் வைப்பது. எத்தனை முறை எழுதினாலும் இந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது. ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் போதும், நிமோனியா போல மூச்சுத் திணறும். விழுங்கிய பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எடுத்தால் மறுபடி நுரையீரலுக்குத்தான் போகும். பால் கொடுக்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். பெட்ரோல் இருந்த கேனிலும் அதை வாங்காதீர்கள். பாரஃபின் ஆவி தீப்பற்ற 40 டிகிரிக்கு மேல் வேண்டும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 போதும், கொஞ்சம் கலந்தாலும் அடுப்பு வெடிக்கலாம். குழந்தைக்குத் திறக்க வராத மூடி, லேபிள், உயரமான பூட்டிய அலமாரி. இன்றே.

வெருலம் வாசகர்: மெத்திலேட்டட் ஸ்பிரிட்டின் ஊதா நிறத்தை நீக்கினால் குடிக்கலாமா?

நிறம்தான் போகும், நஞ்சு போகாது. அதில் கலந்திருக்கக்கூடிய மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கும்.