பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டதா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. கேள்வித்தாள் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து செருகினால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக இருக்கிறது, ஒவ்வொன்றும் 1 கேபி. "வைரஸ், ஃபார்மட் பண்ணிடுங்க" என்கிறார் கடைக்காரர். மூன்று வருடப் பாடக்குறிப்புகள் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து இப்போதைக்கு ஃபார்மட் செய்யாதீர்கள். உங்கள் குறிப்புகள் பெரும்பாலும் அதற்குள்ளேயேதான் இருக்கின்றன. பென்டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். நிரம்பிய இடம் பல ஜிபி என்று காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். 1 கேபி ஷார்ட்கட்டுகள் அவ்வளவு இடத்தை அடைக்க முடியாது.

நடந்தது இதுதான். கடைக் கணினியில் இருந்த நிரல் உங்கள் ஃபோல்டர்களைக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டுகளை வைத்திருக்கிறது. ஐகானின் மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி தெரியும், கவனியுங்கள். அதை டபுள் கிளிக் செய்தால் முதலில் அந்தக் கெட்ட நிரல் ஓடும், பிறகு உங்கள் ஃபோல்டரும் திறக்கும். கேட்டது திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இது பரவுவதே அந்தத் தந்திரத்தால்தான்.

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் வைரஸ் என்கிறோம். வைரஸ் வேறொரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு பரவும். நல்ல செயலி போல வேடமிட்டு, நம் கையாலேயே நிறுவ வைப்பது ட்ரோஜன். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் ஃபைல்) அந்த ரகம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது ரேன்சம்வேர். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் வோர்ம், தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. பூட்டாமல் மறைக்க மட்டும் செய்திருப்பதால்தான் மீட்க வழி இருக்கிறது.

சரி, மீட்பது எப்படி? நல்ல நிலையில் இருக்கும் ஒரு விண்டோஸ் கணினியில் செருகுங்கள். எதையும் டபுள் கிளிக் செய்யாமல், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, விண்டோஸுடனேயே வரும் பாதுகாப்பு நிரலான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். அது ஷார்ட்கட்டுகளை நீக்கியதும் பென்டிரைவ் காலியாகத் தெரியலாம். பலர் பதறிப்போய் ஃபார்மட் செய்வது இந்த இடத்தில்தான். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘வியூ’ பகுதிக்குப் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி வையுங்கள். அப்புறம் ‘ஹைட் புரொடெக்டெட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் ஒன்றும் தெரியாது. இப்போது ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். சில வகை வோர்ம்கள் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் தள்ளியிருக்கும், அதையும் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் வேர்ட், பிடிஎஃப், படங்களை மட்டும் கணினியில் ஒரு புது ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். ‘டைப்’ என்ற இடத்தில் அப்ளிகேஷன், ஸ்கிரிப்ட், ஷார்ட்கட் என்று இருப்பவற்றைத் தொடவே வேண்டாம். காப்பி செய்தவை ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு பென்டிரைவைத் தாராளமாக ஃபார்மட் செய்யலாம்.

வீட்டில் ஏற்கெனவே ஷார்ட்கட்டைக் கிளிக் செய்திருந்தால் உங்கள் கணினிக்கும் தொற்றியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் பென்டிரைவை எத்தனை முறை துடைத்தாலும் மறுபடி வரும். டிஃபெண்டரில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாகக் கிளம்பும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

பென்டிரைவ் வழிப் பரவலை அற்பமாக நினைக்க வேண்டாம். 2010-இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வோர்ம், ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களையே பழுதாக்கியது. அதுவும் பென்டிரைவ் மூலம் பரவியதுதான். விண்டோஸின் ஷார்ட்கட் ஐகானில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியதால், கிளிக் செய்யாமல் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே தொற்றியது. அந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு ஆகஸ்டில் அடைத்தது. அப்டேட் போடச் சொல்லி நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான். விண்டோஸ் 7-க்குப் பொதுவான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன, ஆனாலும் இன்னும் அதையே ஓட்டும் கடைகள் உண்டு.

இனி பிரிண்டுக்கென்று தனியாக ஒரு சின்ன பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அன்றைய பிடிஎஃப் மட்டும் இருக்கட்டும். மூன்று வருடக் குறிப்புகளுக்கு இன்றைக்கே இன்னொரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். கடைக்காரரிடமும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அவர் கணினி அப்படியே இருந்தால் நாளைக்கு அடுத்தவர் பென்டிரைவுக்கும் இதே கதிதான்.