அம்மாவை அண்டி ஆபீஸிலிருந்து நிறுத்தலாமா?

மக்களே, உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பி.காம் கடைசி வருடம் படிக்கிற பெண் தனக்கு வேலைக்கு வழி கேட்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி தாண்டியபிறகுதான் கேள்வி அம்மாவைப் பற்றியது என்று புரிந்தது. அம்மாவுக்கு 52 வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் ஊர்ப் பக்கம் அண்டி ஆபீஸில் 22 வருடமாக வேலை. தோட்டெண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கருத்து வெடித்திருக்கிறது. இடுப்பு வலி. மூன்று வருடமாகத் தல்லுகிற வேலையை விட்டு பீலிங்குக்கு மாறியும் கூலி குறைந்துகொண்டே வருகிறது. "மூணு மாசத் தையல் கோர்ஸில் சேர்த்துட்டு வேலையை நிறுத்தச் சொல்லட்டுமா மிஸ்? இல்லேன்னா நான் படிப்பை நிறுத்திட்டு மார்த்தாண்டத்துல துணிக்கடைக்குப் போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பெயர். அதை உடைத்து (இதுதான் தல்லுவது), பருப்பின் தோல் உரித்து (பீலிங்), தரம் பிரிக்கிற (கிரேடிங்) ஆலைதான் அண்டி ஆபீஸ். கொட்டையின் ஓட்டிலிருந்து கசிகிறதுதான் தோட்டெண்ணெய். பெயரில்தான் ஆபீஸ். வேலை தரையில் உட்கார்ந்து.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது: கூடாது. இன்னும் சில மாதத்தில் முடிகிற பட்டத்தை விட்டுவிட்டுத் துணிக்கடைக்குப் போனால், அம்மா இத்தனை வருடம் உட்கார்ந்து உரித்ததற்குக் கணக்கே இல்லாமல் போய்விடும். இதை இனி நாம் பேச வேண்டாம்.

முதல் கேள்விக்கு வருவோம். அந்தக் கோர்ஸுக்கு 8,000 ரூபாய் ஃபீஸ் என்று எழுதியிருக்கிறாய். அது உண்மையான விலை இல்லை. அம்மாவுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 400 ரூபாய் என்றும், வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றும் நீயே சொல்கிறாய். பன்னிரண்டு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் போகிற கூலி 24,000. ஆக அந்தக் கோர்ஸின் விலை 32,000 ரூபாய். நீ காமர்ஸ் மாணவி, இந்தக் கணக்கை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்புறம், உங்கள் ஊர் ஜங்ஷனில் எத்தனை தையல் கடை இருக்கிறது என்று ஒரு நடை போய் எண்ணிப் பார்.

அமெரிக்காவில் 55 வயது தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. லாப நோக்கில்லாத அமைப்புகளிலும் அரசு நிறுவனங்களிலும் வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரம் வேலை கொடுப்பார்கள். அந்த வேலையே பயிற்சி, அதற்குச் சம்பளமும் உண்டு. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் வயதானவரைக் கூலி இல்லாமல் வகுப்பில் உட்காரவைக்க முடியாது என்பதைப் புரிந்துகொண்டு போட்ட திட்டம் அது. இங்கே கிராமப்புற இளைஞர்களுக்கு வேலையோடு இணைத்து நடத்தும் மத்திய அரசுப் பயிற்சிக்கு 35 வயது வரம்பு, பெண்களுக்கு 45 வரை. உன் அம்மா அந்தக் கதவைத் தாண்டி ஏழு வருடம் ஆகிறது.

பயிற்சியைப் பற்றிப் பேசுமுன் ஒரு சந்தேகம். கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய்: ஊசியில் நூல் கோர்க்க அம்மா உன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று. மக்களே, அதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி. பீலிங்கில் எடைக்குத்தான் கூலி. பருப்பில் ஒட்டியிருக்கிற மெல்லிய தோல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கை தடுமாறும், பருப்பு உடையும், எடை குறையும். "வயசாயிட்டுது, வேகம் போச்சு" என்று எல்லாரும் சொல்வார்கள், அம்மாவும் நம்பிவிடுவார். பெரும்பாலும் அது வெறும் வெள்ளெழுத்து, வயதானால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது. அசாமில் தேயிலை பறிக்கிற, 40 வயது தாண்டியவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள் பறிக்கிற அளவு, கொடுக்கப்படாதவர்களுடையதைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. ஐம்பது தாண்டியவர்களிடம் பலன் இன்னும் அதிகம். எந்தக் கோர்ஸும் இல்லை, ஒரு கண்ணாடி. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. கண்ணோடு சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடு. விரல்களைத் தோல் டாக்டரிடம் காட்டு. கையில் பூசுகிற சாம்பலும் விளக்கெண்ணெயும் மட்டும் போதாது.

அடுத்தது பி.எஃப். இதில்தான் நான் கொஞ்சம் குரலை உயர்த்துவேன். என்னிடம் வந்த ஓர் அம்மா, ஒன்பது வருட சர்வீஸில், மகள் கல்யாணத்துக்காக ஓர் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு ஃபார்ம் 10சி போட்டு பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார். இன்னும் ஆறு மாதம் பொறுத்திருந்தால் வாழ்நாள் முழுக்கப் பென்ஷன். பத்து வருட சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன் உண்டு. ஆறு மாதமும் அதற்கு மேலும் ஒரு வருடமாகக் கணக்காகும் என்பதால் ஒன்பதரை வருடம் போதும். 58 வயதில் கிடைக்கும். 50க்கு மேல் முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் 58க்குக் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனாலும் மகள் வீட்டுக்குப் போகிற பஸ் காசுக்கு இன்னொருவரிடம் கை நீட்டாமல் இருக்கலாம்.

அம்மா மூன்று ஆபீஸ் மாறியிருக்கிறார் என்கிறாய். அப்படியென்றால் பழைய பி.எஃப் நம்பர்கள் தனித்தனியாகக் கிடக்கலாம். யுஏஎன் நம்பரை (எல்லா பி.எஃப் கணக்கையும் சேர்க்கிற ஒரே நம்பர்) போட்டு பாஸ்புக்கை இறக்கு, எந்த ஆபீஸ் எந்த மாதம் பணம் கட்டியது, எந்த மாதம் கட்டவில்லை என்று ஒரு நோட்டில் எழுது. ஆதாரில் இருக்கிற பெயரும் பி.எஃபில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார். இன்ஷியல் மாறிக் கிடந்து அலைகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் பி.எஃப் அலுவலகத்துக்கு நேரில் போ. பத்து வருடம் நிறையவில்லை என்றால், நிறைகிறவரை அம்மா வேலையை விடக் கூடாது. உடம்பு முடியாமல் விட்டே தீர வேண்டும் என்றால் பணத்தை எடுக்காமல், இதுவரை செய்த சர்வீஸைப் பென்ஷனுக்காகக் காத்து வைக்கிற ஸ்கீம் சர்ட்டிபிகேட் வாங்கி வைக்க வேண்டும். ஐந்து வருடம் தொடர்ந்து ஒரே இடத்தில் இருந்திருந்தால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு, அதை எழுதிக் கேட்டு வாங்குங்கள். வேலையை விட்டால் இ.எஸ்.ஐ மருத்துவமும் கொஞ்ச நாளில் போய்விடும் என்பதையும் கணக்கில் வை.

சரி, பயிற்சி. நீ தையல் என்றாய். எனக்குத் தோன்றுவது வேறு. 22 வருடம் பருப்போடு இருந்தவர். ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு நிற்கிற ரகம் எது, 240 நிற்கிற பெரிய ரகம் எது, எது தீய்ந்தது, எது நாள்பட்டது என்று கையில் அள்ளியதுமே சொல்லக்கூடியவர். தையல் மெஷின் முன்னால் உட்காரவைத்தால் அதே ஆள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாகிவிடுவார். எனவே முதலில், இப்போது இருக்கிற ஆபீஸிலேயே கிரேடிங்குக்கோ பேக்கிங்குக்கோ மாற்றித் தரச் சொல்லிக் கேட்கட்டும். கண்ணாடி போட்ட பிறகு கேட்பது நல்லது.

அப்புறம், துண்டுப் பருப்பு முழுப்பருப்பைவிட மலிவு. அதை வாங்கி வறுத்து, மிளகு, உப்புப் போட்டுப் பாக்கெட் ஆக்கலாம். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) வற்றலும், சீசனில் சக்கை (பலா) வற்றலும் உங்கள் வீட்டில் தெரியாத வேலையா? அம்மா மகளிர் குழுவில் இருக்கிறார் என்கிறாய், குழுவாகச் செய்தால் அடுப்பின் முன்னால் ஒருவரே நிற்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு, சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். கணக்கு எழுத நீ இருக்கிறாய்.

இதைக் கற்றுக்கொள்ள வேலையை விடவும் வேண்டாம். பச்சைக் கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டும், வரத்து குறைந்தால் ஆபீஸை அடைத்துவிடுவார்கள் என்பது உங்கள் வீட்டுக்குத் தெரிந்த கதை. அந்த அடைத்த நாட்கள்தான் அம்மாவின் வகுப்பு நாட்கள். அன்றைக்கு இழக்க ஒரு கூலியும் இல்லை.

இல்லை, கைத்தொழில் ஏதாவதுதான் வேண்டும் என்று அம்மாவே சொன்னால், தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. அதில் 35 வயதுதான் குறைந்தபட்சம். இளைஞர்களை வெளியே நிறுத்துகிற திட்டத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். நாகர்கோவில் மாவட்டத் தொழில் மையத்தில் கேள். வீட்டிலேயே தொழில் என்று முடிவானால் 60 வயதுக்குள் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிட வேண்டும்.

தேன்பெட்டி வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். மார்த்தாண்டம் தேனுக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் தேன் பருவத்தில் பெட்டியை ரப்பர் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இடுப்பு வலிக்காரருக்கு வேண்டாம்.

கடைசியாக, நீ எழுதாத ஒன்று. அம்மாவிடம் கேட்டாயா? 22 வருடம் ஒரே வரிசையில் உட்கார்ந்து, மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து கறி மாற்றிச் சாப்பிட்ட பெண்கள் அவர்கள். சீட்டு போடுவதும், யார் வீட்டில் கல்யாணம் என்று தெரிவதும் அங்கேதான். என் அத்தை ஒருத்தி பிள்ளைகள் வற்புறுத்தி வேலையை நிறுத்தினாள். இடுப்பு வலி குறைந்தது. ஆனால் சாயங்காலம் நாலரைக்கு, ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு, வாசலில் வந்து நிற்பாள். போகிறவர்கள் இரண்டு நிமிடம் நின்று பேசினால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

அதனால் இந்த வாரம் கண் ஆஸ்பத்திரி, அடுத்த வாரம் பி.எஃப் பாஸ்புக். இரண்டும் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வா. அவரிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன், நீ வெளியே பெஞ்சில் இரு. உன் செமஸ்டர் புத்தகத்தையும் எடுத்து வா.