கரை போவதெல்லாம் அரிப்பா?

வணக்கம் ஐயா,

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கரையைக் கடல் எடுத்துக்கொள்கிறது. சித்திரை வாக்கில் கொஞ்சம் மணல் திரும்புகிறது. செய்திகளில் இதுவும் கடல் அரிப்பு, புயலுக்கு மறுநாள் போவதும் கடல் அரிப்பு. எதைத்தான் அரிப்பு என்பது? கடல் மட்டம் உயர்வதுதான் காரணமா? கல் கொட்டினால் கரை நிற்குமா?

புதுச்சேரிக்கு வடக்கிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போன மணல் முழுக்கத் திரும்பி வந்தால் அது அரிப்பு இல்லை. வடகிழக்குப் பருவத்தின் முரட்டு அலைகள் கரை மணலை இழுத்து, சற்றுத் தள்ளிக் கடலடியில் மேடாகப் போடும். கடல் அடங்கியதும் தாழ்வான அலைகள் அதையே மெல்லத் திருப்பித் தள்ளும். ஒரு பங்கு வராமலே போய், ஆண்டுக்காண்டு கரைக்கோடு ஊர்ப்பக்கம் நகர்ந்தால்தான் அரிப்பு.

இதை நீங்களே அளக்கலாம். கோயில் சுவர், மின்கம்பம் என அசையாத ஒன்றிலிருந்து, அலை கடைசியாக ஏறி நனைத்த கோடு வரை டேப் பிடியுங்கள். மாதம் ஒருமுறை, அமாவாசையை ஒட்டிய ஏற்றத்தில் அளப்பது நல்லது. இந்த மே மாதத்தைச் சென்ற மே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். டிசம்பர் அளவை மே அளவோடு ஒப்பிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

உங்கள் பகுதியில் நடப்பது அரிப்புதான். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவ மாதங்களில் மணல் கரையோரமாக வடக்கே நகரும், வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம், ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். அதன் குறுக்கே கடலுக்குள் சுவர் நீட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை பட்டினி கிடக்கும். சென்னையில் 1876இல் துறைமுக வேலை தொடங்கிய பிறகு மெரினா அகன்றதும், ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்ததும் இப்படித்தான். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் புதுச்சேரி நகரக் கடற்கரை போனது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு உங்கள் பக்கம் நகர்ந்தது.

கடல் மட்டம் உலக அளவில் ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் உயர்கிறது. அதன் பாதிப்பு உண்மை. ஆனால் சுவரின் ஒரு பக்கம் கரை வளர்ந்து மறுபக்கம் தேய்வதற்கு அது காரணமாக முடியாது.

கல் பின்னால் இருக்கும் வீட்டைக் காக்கும், மணலைக் காக்காது. அலை கல்லில் மோதித் திரும்பும் வேகத்தில் அடிவாரத்து மணல் பறிபோகும். கல்லுக்கு அடியில் வடிகட்டித் துணியோ சிறுகல் அடுக்கோ இல்லையென்றால் இடுக்கு வழியாகவும் மணல் உறிஞ்சப்பட்டு, இரண்டு மூன்று பருவங்களில் கல்லே புதைந்து இறங்கும். சுவர் முடியும் இடத்துக்கு வடக்கே அரிப்பு இன்னும் கடுமையாகும். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவரான தூண்டில் வளைவு போட்டாலும் கடைசி வளைவுக்கு அடுத்த ஊருக்கு இதே கதிதான். படகு ஏற்ற மணல் இல்லாத ஊரில் கரைவலைத் தொழிலும் நிற்காது. அதனால்தான் கல்லோடு வேலை முடிந்தது என்று விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தெற்கில் தேங்கும் மணலை வாரி, குழாய் வழியே வடக்கில் கொட்டுவதுதான் சரியான வழி. ஒருமுறை செய்து விட்டால் போதாது, ஆண்டுதோறும் நடக்க வேண்டும். கொட்டும் மணல் உங்கள் கரை மணலின் பருமனில், அல்லது சற்றுப் பெரிதாக இருக்கட்டும். நைஸ் மணல் ஒரே பருவத்தில் கரைந்துவிடும். புதுச்சேரி தலைமைச் செயலகத்தை ஒட்டி, தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி கடலுக்குள் எஃகுத் திட்டு இறக்கி மணலும் கொட்டியதில் நகரத்துக்கு ஒரு துண்டுக் கடற்கரை திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்தத் திட்டு வடக்கே மணலை அனுப்பாது. எனவே அதிகாரிகள் வரும்போது கல் கேட்பதோடு, துறைமுக வாயில் வாரும் மணல் எங்கே கொட்டப்படுகிறது, ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் வடக்கே வருகிறது என்று எழுத்து மூலம் கேளுங்கள். உங்கள் டேப் கணக்கையும் மனுவோடு இணையுங்கள்.