ட்ரிம்மைத் திருகுவதை முதலில் நிறுத்துங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அண்ணா, பையனுக்கு 1/10 அளவு ரிமோட் கார் வாங்கினேன், பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வகை. நேராக விட்டால் இடதுபக்கம் போகிறது, ஸ்டீயரிங் ட்ரிம்மைக் கடைசிவரை திருகியும் சரியாகவில்லை. வளைவில் த்ராட்டில் கொடுத்தால் சுழன்று நின்றுவிடுகிறது. சர்வோவை மாற்றணுமா?"

வேண்டாம் தம்பி, ராண்டை மிச்சம் பிடியுங்கள். ட்ரிம் என்பது ஸ்டீயரிங்கின் நடுநிலையை ரிமோட்டிலிருந்தே சற்று நகர்த்தும் வசதி, சின்னக் கோணலுக்குத்தான். அது முனை வரை போயும் போதவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, பெரும்பாலும் சர்வோ ஹார்னில், அதாவது முன்சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவின் அச்சில் மாட்டியிருக்கும் கையில்.

ட்ரிம், சப்-ட்ரிம் (ரிமோட் அமைப்புகளில் இருக்கும் நுண்ணிய ட்ரிம்) இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹார்னைக் கழற்றிவிட்டு முதலில் ரிமோட்டை, அப்புறம் காரை ஆன் செய்தால் சர்வோ தன் நடுநிலைக்கு வந்து நிற்கும். இப்போது ஹார்னை இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாக வரும்படி மாட்டுங்கள். 25 பல் உள்ள சர்வோ அச்சில் ஒரு பல் தள்ளினாலே 14.4 டிகிரி மாறும், அதனால் கச்சிதமாக உட்காராது. மீதியைச் சப்-ட்ரிம்மில் எடுங்கள், இரண்டு பக்கக் கம்பிகளின் நீளமும் சமமா என்று பாருங்கள். டர்பன் கடற்கரைப் பக்கம் ஓட்டியிருந்தால் முன்சக்கரங்களைக் கையால் சுழற்றியும் பார்க்கணும், மணலும் உப்பும் பேரிங்கில் ஏறி ஒரு சக்கரம் சீக்கிரம் நின்றால் அந்தப் பக்கம்தான் கார் இழுக்கும்.

முழுக்கத் திருப்பும்போது சர்வோ முனகினால் எண்ட் பாயிண்டை (சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லையை) ரிமோட்டில் குறையுங்கள், இல்லாவிட்டால் அது சூடேறிக் கெட்டுப்போகும்.

சுழல்வது வேறு கதை, அதில் சர்வோவுக்குப் பங்கே இல்லை, விரலில்தான் எல்லாம் இருக்கிறது. பின்டயரின் பிடிமானத்துக்கு ஓர் அளவு உண்டு. வளைவில் காரைப் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கவே அது செலவாகிக்கொண்டிருக்கும்போது த்ராட்டில் ட்ரிகரையும் முழுசாக இழுத்தால், காரை முன்னே தள்ளுகிற வேலையும் அதே டயர் தலையில் விழுகிறது, அது பிடியை விட்டுவிடும். வளைவின் நடுவில் பிரேக் பிடித்தாலும் இதே கதிதான், எடை முன்னே போய் பின்பக்கம் லேசாகிவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே லேசான த்ராட்டிலோடு போய், சக்கரம் நேரான பிறகு அழுத்தச் சொல்லுங்கள்.

ரிமோட்டில் டூயல் ரேட் (ஸ்டீயரிங் திரும்பும் அளவைக் குறைக்கும் வசதி) இருந்தால் பையனுக்கு 70 சதவீதம் போதும். த்ராட்டில் எக்ஸ்போவையும் (ட்ரிகரை லேசாக இழுக்கும்போது கார் எவ்வளவு வேகமாகப் பாயணும் என்ற அமைப்பு) மென்மையாக்கலாம், ஆனால் மைனஸா பிளஸ்ஸா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஓட்டித்தான் தெரிந்துகொள்ளணும். கார் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகத் தெரியும் குழப்பம் எல்லாருக்கும் உண்டு. காலி பார்க்கிங்கில் மெதுவாக எட்டு போடவிட்டால் போய்விடும்.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்காதது. சக்கரம் தரையில் படாமல் காரைத் தூக்கி வைத்து, லேசாக த்ராட்டில் கொடுத்தபடியே ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சக்கரம் நிற்கவில்லை என்றால், காரிலுள்ள ரிசீவரில் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் காரை நிறுத்தும் அமைப்பு) வைக்காமல் உங்கள் ஏரியாவின் சரிவுத் தெருக்களில் அதை இறக்காதீர்கள்.