டெல்டா ஜி (வினையில் கட்டிலா ஆற்றல் மாறும் அளவு) அதிகமாக மைனஸில் இருந்தால் வினை வேகமாக நடக்குமா? நொதிகளுக்கும் அப்படித்தானா?

நடக்காது. ஆனால் ‘வேகத்துக்கும் டெல்டா ஜிக்கும் சம்பந்தமே இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் சரியில்லை. நானே சில வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

தண்டையார்பேட்டையில் வீட்டு மொட்டைமாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியும்போது மோலுக்குச் சுமார் 117 கிலோஜூல் கட்டிலா ஆற்றல் குறைகிறது என்று போர்டில் எழுதினேன். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. ஒரு பையன் கேட்டான்: “இன்னா சார், இம்மா மைனஸ் போட்டுக்கீறீங்க, பாட்டிலு சும்மா குந்திக்கினுகீது?”

மறுநாள் கறிக்கடை பாயிடம் கொஞ்சம் ஆட்டு ஈரல் வாங்கி வந்தேன். டம்ளரில் பெராக்சைடு ஊற்றி, நகம் அளவு ஒரு துண்டைப் போட்டதும் நுரை பொங்கி வழிந்தது. டம்ளர் தொட்டால் சுட ஆரம்பித்தது. மங்கிக்கொண்டிருந்த ஊதுவத்தியை மேலே காட்டினால் கங்கு பளிச்சென்று எரிந்தது. அதே ஈரலை வேகவைத்துப் போட்டோம். பேருக்குக்கூட நுரை வரவில்லை. மூன்று முறையும் 117 அதே 117தான். மாறியது, வினை நடக்கத் தாண்ட வேண்டிய கிளர்வு ஆற்றல் என்கிற மேடு. ஈரலில் உள்ள கேட்டலேஸ் நொதி மேட்டைத் தாழ்த்தியது. வெந்ததும் நொதி செத்தது, மேடு பழையபடி உயர்ந்தது.

இதுவரை பாடப்புத்தகத்திலேயே இருக்கும். இனிமேல்தான் உங்கள் கேள்விக்குப் பதில்.

தீபாவளி நேரத்தில் எம்.சி. ரோடு துணிக்கடை மாடிப்படியில் ஏறியிருக்கிறீர்களா? குறுகல் படி. ஏறுவதும் அதில்தான், இறங்குவதும் அதில்தான். மேலே இருந்து ஒருவர் வந்தால் நீங்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நொதியின் கிளர்வு மையமும் அப்படித்தான்: வினைபடு பொருளும் அதில் உட்காரும், விளைபொருளும் உட்காரும், வினை இரண்டு பக்கமும் ஓடும். இறங்குகிற ஒருவருக்கு ஏறுகிறவர் எத்தனை பேர் என்ற விகிதம் இருக்கிறதே, அதைத்தான் டெல்டா ஜி தீர்மானிக்கிறது. 25 டிகிரியில் ஒவ்வொரு 5.7 கிலோஜூலுக்கும் இந்த விகிதம் 10 மடங்கு ஏறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மைனஸ் 5.7 என்றால் 10 முறை முன்னே, 1 முறை பின்னே. 11 ஓட்டத்தில் 9 மிச்சம். மைனஸ் 1 மட்டும் என்றால் 3 முன்னே, 2 பின்னே. 5 ஓட்டத்தில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. மைனஸ் 5.7-ல் கிடைத்த அதே வேகம் வேண்டுமானால் செல் ஏறக்குறைய 4 மடங்கு நொதி தயாரித்தாக வேண்டும், புரதத்துக்கு ஆகிற செலவு வேறு. மறுபக்கம், மைனஸ் 20-ஐத் தாண்டினால் பின்னோட்டம் மூவாயிரத்தில் ஒன்றுகூட இராது. அதற்கு மேல் எவ்வளவு மைனஸ் சேர்ந்தாலும் இந்த வகையில் லாபமில்லை. சமநிலைக்குப் பக்கத்தில், அதாவது டெல்டா ஜி பூஜ்யத்தை நெருங்கும்போதுதான், அது வேகத்தில் கை வைக்கிறது.

பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் 1930-லேயே இதை ஒரு தொடர்பாக எழுதிவிட்டார்: நொதியின் முன்னோட்ட, பின்னோட்ட மாறிலிகள் சமநிலை மாறிலியோடு கட்டுண்டவை, ஒரு பக்கத்தை மட்டும் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. (1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரில் காலமானாரே, அதே ஹால்டேன்தான்.)

ஒன்றில் மட்டும் உஷார். டேபிளில் இருக்கும் டெல்டா ஜி நாட்டை (குறித்த திட்டச் செறிவுகளுக்கான மதிப்பை) எடுத்து இந்தக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். செல்லுக்குள் அந்தந்த நேரத்துச் செறிவுகளை வைத்து வரும் டெல்டா ஜிதான் வேண்டும். உணவிலிருந்து செல் ஆற்றல் எடுக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சியில் மாலேட் ஆக்சலோ அசிட்டேட்டாக மாறும் படிக்கு டேபிளில் பிளஸ் 30 கிட்ட இருக்கும். பார்த்தால் நடக்கவே நடக்காது என்று தோன்றும். ஆனால் அடுத்த நொதி ஆக்சலோ அசிட்டேட்டை வந்த கையோடு எடுத்துக்கொள்வதால் இறங்கிவர ஆளே இல்லை, இந்த வரியை நீங்கள் படிக்கும்போதும் உங்கள் உடம்பில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.