கை உதறுவது இருக்கட்டும், துணி எத்தனை தடவை நனைகிறது?

கேள்வி: எனக்கு முதல் குழந்தை பிறந்து 6 நாள் ஆகிறது. சிசேரியன். பிறந்தபோது எடை 2.9 கிலோ. என் அக்காவின் குழந்தைக்குப் பிறந்த இரண்டாவது வாரத்தில் மூளை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து ஃபிட்ஸ் வந்தது. என் மகனுக்கும் தூக்கத்தில் கை கால் உதறுகிறது, உச்சிக்குழி துடிக்கிறது, விக்கல் வருகிறது, பால் கக்குகிறான். இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மாமனார் சாப்பிடும் ஆஸ்பிரினில் கால் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்கிறார் கணவர். மற்றபடி பிள்ளை சமர்த்து. பாலுக்குக்கூட அழாமல் தூங்குகிறான். ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் துணி நனைகிறது.
– ஒரு தாய், துறையூர்

பதில்: ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பச்சிளங்குழந்தைக்கு அது ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பெரியவரின் இதயத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பொடித்து 6 நாள் பிள்ளையின் வாயில் வைக்கும் யோசனையை எந்த இணையதளம் கொடுத்ததோ, அதை இனிமேல் திறக்காதீர்கள்.

உச்சிக்குழி துடிப்பது இயல்பு. விக்கல் இயல்பு. குடித்ததில் கொஞ்சம் பால் கக்குவதும் இயல்பு. என்னை உறுத்தியது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிகள். அதற்காகத்தான் கடிதம் கிடைத்த உடனே போனில் அழைத்து, குழந்தையை அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொன்னேன். மற்ற தாய்மாருக்கும் உதவட்டும் என்று அதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். இரண்டு தடவை போதவே போதாது. பசித்தும் அழாமல் தூங்கும் பிள்ளையைச் சமர்த்து என்று கொஞ்சாதீர்கள், அது சோர்வாக இருக்கலாம். முதல் பிரசவம், அதுவும் சிசேரியன் என்றால், பால் நன்றாக இறங்கக் கொஞ்சம் தாமதமாகும். அது தாயின் குற்றமில்லை. ஆனால் அந்த இடைவெளியைக் கவனிக்காமல் விட்டால் குழந்தையின் உடம்பில் நீர் வற்றி, ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து ஏறிவிடும்.

உங்கள் பயத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய சிரை, மண்டை ஓட்டுக்கு அடியில், உச்சியின் நடுக்கோட்டிலேயே ஓடுகிறது. பிறக்கும்போது மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அதை அழுத்துகின்றன. பச்சிளங்குழந்தையின் ரத்தம் இயல்பிலேயே கெட்டியானது. இத்தனைக்கும் மேல் நீர் வற்றினாலோ, கிருமித்தொற்று வந்தாலோ, பிறக்கும்போது மூச்சுத் திணறியிருந்தாலோதான் பெரும்பாலும் ரத்தம் உறைகிறது. கனடாவில் 1990களில் நாடு முழுக்க இதற்காகப் பதிவேடு வைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் ஒருவருக்கும் குறைவாகவே இது வந்திருந்தது. ஆனால் வந்தவர்களில் 43 சதவீதம் பச்சிளங்குழந்தைகள். அரிது என்று நான் நிம்மதியாகச் சொல்வதும், முதல் மாதத்தை இவ்வளவு கவனிக்கச் சொல்வதும் இதனால்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் எடை போடச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு 290 கிராமுக்கு மேல், அதாவது பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் சோடியம் பரிசோதனை அவசியம். அதுவரை எழுப்பி எழுப்பித் தாய்ப்பால் கொடுங்கள். பாட்டிமார் யார் சொன்னாலும் வெறும் தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ புகட்டாதீர்கள். ஏறிய சோடியத்தை மெதுவாகத்தான் இறக்க வேண்டும். அவசரமாக இறங்கினால் மூளை வீங்கும்.

அடுத்தது, கை கால் உதறல். தூக்கத்தில் மட்டும் வந்து, எழுப்பினால் நின்றுவிடுகிறதா? அது தூக்க உதறல், தானாகப் போய்விடும். விழித்திருக்கும்போது நடுங்கினால் அந்தக் கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் பெரும்பாலும் அது வலிப்பு இல்லை. பிடித்த பிறகும் உங்கள் உள்ளங்கைக்குள்ளேயே வெட்டி வெட்டி இழுத்தால், அதுதான் ஃபிட்ஸ். இந்த வயதில் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருப்பதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் எச்சரிக்கை இதுதான். பெரியவர்களைப் போல உடம்பு முழுக்க இழுக்காது. ஒரு கை மட்டும் வெட்டும், கண் ஒரு பக்கமாகச் செருகி நிற்கும், வாய் மென்றுகொண்டே இருக்கும், மூச்சு நின்று உடம்பு நீலமாகும். இதில் எதைப் பார்த்தாலும் மாந்தம் என்று உரைமருந்து உரைக்காதீர்கள், கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். முடிந்தால் இன்னொருவர் அதை செல்போனில் படம் பிடிக்கட்டும், டாக்டருக்கு உதவும். விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

அங்கே உச்சிக்குழி வழியாகவே ஸ்கேன் எடுத்துச் சிரையில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்வார்கள். தேவைப்பட்டால் ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியை, எடைக்கேற்ற அளவில், 6 வாரம் முதல் 3 மாதம் வரை போடுவார்கள். உறைந்த ரத்தத்துக்கு மருந்து உண்டு. நேரத்தோடு வர வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா குழந்தைக்கு வந்ததால் உங்கள் மகனுக்கும் வரும் என்று இல்லை. அக்காவிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். நீர் வற்றியதோ கிருமித்தொற்றோ காரணம் என்று எழுதியிருந்தால் அது அந்தக் குழந்தையோடு போயிற்று. ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் காக்கும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் என்று ஏதாவது குறைவாக இருப்பதாக எழுதியிருந்தால், அதிலும் நீங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர் என்றால், அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போய் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் மகனுக்கும் அந்தப் பரிசோதனை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.